பக்கத்து சீட்டைக் கேட்டால் சம்பளத்தில் வெட்டா?

நந்தனம் சிக்னலில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. அண்ணா சாலை இரைச்சல் அப்படி. "சேமியர்ஸ் ரோடு போகணும்" என்பார் ஆட்டோவில் ஏறுபவர். "சேத்துப்பட்டா?" என்பார் டிரைவர். திரும்பக் கேட்டதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கேட்காமல் வண்டியை எடுத்தால்தான் வீண் அலைச்சல், வீண் சண்டை.

ரோட்டில் வார்த்தை தவறினால் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரி விஷயத்தில் தவறினால்?

நந்தனம், தேனாம்பேட்டை, தி.நகர் வட்டாரத்திலிருந்து காதை நம்பியே பிழைக்கிற ஒரு கூட்டம் தினமும் வேலைக்குப் போகிறது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். சுருக்கமாக எம்.டி. வேலை. (பையன் எம்.டி. என்று தரகர் சொன்னால், எந்த எம்.டி. என்று பெண் வீட்டார் விசாரித்துக் கொள்வது நல்லது!)

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். பார்த்ததையெல்லாம் உட்கார்ந்து எழுத அவருக்கு நேரம் இல்லை. டெலிபோனிலோ ரெக்கார்டரிலோ பேசி வைத்து விடுகிறார். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வேளை, எங்கே அறுத்தார், எந்த நூலால் தைத்தார், எல்லாமே பேச்சுதான். அந்தப் பேச்சு கம்ப்யூட்டர் வழியாகக் கடல் தாண்டி இங்கே வருகிறது. அங்கே பொழுது சாயும்போது இங்கே விடிகிறது. நியூயார்க்குக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் பத்தரை. டாக்டர் தூங்கி எழுந்து வருவதற்குள் இங்கே ஒருவர் அத்தனையையும் டைப் அடித்து அனுப்பி விட வேண்டும். சாதாரணமாக 24 மணி நேரம் கெடு. அவசரம் என்றால் சில மணி நேரம்தான்.

காதில் ஹெட்போன். காலடியில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும். விட்டால் நிற்கும். பின்பக்கம் அழுத்தினால் சொன்னதையே திரும்பச் சொல்லும்.

1990-களின் கடைசியில் சென்னையில் இந்த வேலைக்கு ஒரே கிராக்கி. இங்கிலீஷ் தெரிந்த பட்டதாரி என்றால் போதும், ஆறு மாத கோர்ஸ் படி, டாலர் கம்பெனியில் வேலை என்று விளம்பரம் பறந்தது. பணத்தை வாங்கிக் கொண்டு கம்பி நீட்டிய பயிற்சி மையங்களும் உண்டு. அது தனிக் கதை.

முட்டைக்கோஸ் ஆபரேஷன்!

பேசுகிற டாக்டர் ரேடியோ செய்தி வாசிப்பவர் அல்ல. வாயில் சாண்ட்விச் இருக்கும். கார் ஓட்டிக் கொண்டே பேசுவார். பின்னால் ஆம்புலன்ஸ் ஊதும். பாதியில் யாரோ கூப்பிடுவார்கள், அவருக்கும் இதிலேயே பதில் சொல்வார். அமெரிக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டர்களில் பல தேசத்துக்காரர்கள் உண்டு. ஸ்பெயின் இழுவை ஒன்று, சீன இழுவை ஒன்று. குண்டூரில் படித்து அமெரிக்கா போன டாக்டரின் இங்கிலீஷும் சுற்றி வளைத்து நம்ம ஊருக்கே வரும். அதுதான் கொஞ்சம் சுலபம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்கிறாள்: நோயாளிக்குப் போன வருஷம் "கேபேஜ்" நடந்தது என்கிறார் டாக்டர். கேபேஜ் என்றால் முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ் எப்படி நடக்கும்? ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்க்கிறாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

அக்கா கேட்காமலே சொல்லி விடுவார். "சி.ஏ.பி.ஜி. அது. இதய பைபாஸ் ஆபரேஷன். நாலு எழுத்தையும் சேர்த்துச் சொன்னா கேபேஜ்னு வரும். எல்லாரும் ஒரு தடவை இதுல மாட்டினவங்கதான்மா."

எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது உடனே கிடைக்காது. புத்தகத்தில் தேட எழுத்து தெரிய வேண்டும். இவளுக்கோ சத்தம் மட்டும்தான் தெரியும். சத்தத்தை வைத்துக் கொண்டு அகராதியில் எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று. "இலியம்" என்ற சத்தம் வருகிறது. குடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம். இடுப்பு எலும்புக்கும் இலியம். உச்சரிப்பு ஒன்றேதான். இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் 'ஈ' போட்டால் குடல், 'ஐ' போட்டால் எலும்பு. காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதைப் பிரிக்க முடியாது. "வயித்து ஆபரேஷனா, இடுப்பு ஆபரேஷனா? மேலே ரெண்டு வரி என்ன சொன்னார், அதைப் படி" என்று அக்கா கேட்டால்தான் விடை கிடைக்கும். டிஸ்பேஜியா என்றால் விழுங்க முடியாமை. டிஸ்பேசியா என்றால் பேச்சுக் குழறல். பல்லில் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போனால் தொண்டை நோயாளி மூளை நோயாளி ஆகி விடுவார்.

மருந்துப் பெயர்கள் இதைவிட மோசம். செலிபிரெக்ஸ் மூட்டு வலிக்கு. செலெக்ஸா மனச் சோர்வுக்கு. செரிபிக்ஸ் வலிப்புக்கு. அமெரிக்காவில் வயிற்று அமிலத்துக்கு லோசெக் என்று ஒரு மருந்து விற்றது. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மருந்தோடு அது குழம்பியது. கடைசியில் 1990-ல் லோசெக் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். மருந்துக் கம்பெனியே பெயரை மாற்றும் அளவுக்குக் குழப்பம் என்றால், பாதிச் சத்தத்தை வைத்துக் கொண்டு டைப் அடிக்கிற பெண்ணைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இது புது விஷயம் அல்ல. டாக்டர் சீட்டில் கோழி கிளறியதைக் கவுண்டரில் நிற்கிற பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே, இது என்ன எழுத்து?" என்பான். கேட்கிற பையன் இருக்கிற கடையை நம்பலாம். கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற பையன்தான் ஆபத்து. 2016-ல் மருத்துவக் கவுன்சிலே, மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று விதி போட வேண்டி வந்தது.

எட்டா, எண்பதா?

2008-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு சம்பவம். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்மணி ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனார். டாக்டர் பேசிய டிஸ்சார்ஜ் குறிப்பு, ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனி என்று கை மாறி இந்தியாவில் டைப் ஆனது. இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் என்று விழுந்து விட்டது. டாக்டர் படித்துப் பார்த்துச் சரி சொல்வதற்கு முன்பே அந்தக் காகிதம் அடுத்த பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டது. அங்கே 80 யூனிட் ஊசி போட்டார்கள். அந்த அம்மாள் இறந்து போனார். 2012 டிசம்பரில் ஜூரி 14 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

எட்டுக்கும் எண்பதுக்கும் இங்கிலீஷில் கால் வினாடிச் சத்தம்தான் வித்தியாசம். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் அதுகூடக் கிடையாது. பழம் தின்று கொட்டை போட்ட எம்.டி. ஊழியர் எண்ணைக் கேட்டதும் எழுத மாட்டார். அதே நோயாளியின் பழைய குறிப்பில் என்ன அளவு இருக்கிறது என்று பார்ப்பார். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு காதில் போட்டுப் பார்ப்பார். ஒரு காதுக்கு எண்பதாகப் பட்டது இன்னொரு காதுக்கு எட்டாகப் படலாம். இரண்டு காதுக்கும் இரண்டு விதமாகப் பட்டால், அது எழுதக் கூடாத எண்.

எழுதாமல் என்ன செய்வது? அதற்கும் இந்தத் தொழிலில் வழி இருக்கிறது. வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு விட வேண்டும். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது வினாடி என்று குறிப்பு வைக்க வேண்டும். 'பிளாங்க்' என்பார்கள். மேலே கியூ.ஏ. பார்க்கிறவர் அந்த இடத்தை மட்டும் கேட்பார். அவருக்கும் பிடிபடவில்லை என்றால் கோட்டோடு டாக்டருக்கே போகும். அவர் சொன்னதை அவரே நிரப்பட்டும்.

கோடு என்பது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது. நோயாளிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் கெடுதல்.

கேட்க நேரம் ஏது?

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் வரிக் கணக்குதான். வரி என்றால் நம் நோட்டுப் புத்தக வரி அல்ல. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. வரிக்கு இத்தனை காசு. சம்பளம் மாதச் சம்பளமாக இருந்தாலும், நாளுக்கு இத்தனை வரி என்று டார்கெட் இருக்கும். தாண்டினால் இன்சென்டிவ், தாண்டாவிட்டால் பேச்சு.

ஒரு மருந்துப் பெயர் புரியவில்லை. பத்து நிமிஷம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்தாயிற்று. அந்தப் பெயரில் எட்டு எழுத்து இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வரியில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு உண்டான காசு கிடைக்கும். பத்து நிமிஷத்துக்கு! உதவிக்கு வந்த பக்கத்து சீட் அக்காவுக்கு என்ன கிடைக்கும்? சைபர். அவர் ஹெட்போனைக் கழற்றிய நிமிஷத்திலிருந்து அவருடைய மீட்டர் நின்று விட்டது. ஆட்டோவுக்காவது வெயிட்டிங் சார்ஜ் உண்டு.

கோடு போட்டுவிட்டு நகர்ந்தால்? நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலான நிபந்தனை. கோடு அதிகமானால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் இன்சென்டிவ் போகும். ஆக, கேட்டாலும் நஷ்டம், கோடு போட்டாலும் நஷ்டம். குத்துமதிப்பாக எதையாவது எழுதிவிட்டு, கியூ.ஏ. கண்ணில் படாமல் போனால் மட்டும் லாபம். இப்படி ஒரு கணக்கை வைத்துக் கொண்டு, சுவரில் "தரமே எங்கள் மூச்சு" என்று போர்டு மாட்டினால் என்ன அர்த்தம்?

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோடு போடச் சலுகை கொடுத்தால் சோம்பேறிகள் எதற்கெடுத்தாலும் கோடு போடுவார்கள். ஒரு தடவைக்கு மேல் கேட்கவே மாட்டார்கள். கெடு தவறினால் அமெரிக்கக்காரன் வேறு ஊரைப் பார்ப்பான். மணிலாவில் ஆள் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் சோம்பேறிக் கோட்டுக்கும் உண்மைக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா கியூ.ஏ.க்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? அந்த இடத்தைக் கேட்டுப் பார்த்தால் பத்து வினாடியில் தெரிந்து போகும். கியூ.ஏ.க்கே புரியாத இடத்தில் போட்ட கோட்டுக்கு மார்க் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

பழைய ஆபீஸ் ஸ்டெனோக்களைக் கேட்டுப் பாருங்கள். துரை மென்று முழுங்கிச் சொன்னதைச் சுருக்கெழுத்தில் பிடித்துக் கொண்டு வருவார்கள். டைப் அடிக்கும்போது ஒரு கிறுக்கல் பிடிபடாது. பக்கத்து மேஜைக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது 'சஸ்பெண்ட்' இல்ல சார், 'சஸ்பென்ஸ்' கணக்கு" என்பார். ஒரு குமாஸ்தாவின் வேலை தப்பும்! அந்தப் பேச்சுக்கு யாரும் மணிக் கணக்குப் பார்க்கவில்லை. அதுவும் ஆபீஸ் வேலையில் சேர்த்தி.

வாட்ஸ்அப்பில் கேட்கலாமா?

2020-ல் கொரோனா வந்தது. பக்கத்து சீட் போயே போய்விட்டது. பல பேர் வீட்டிலிருந்து வேலை. ஹவுசிங் போர்டு பிளாட்டில் ஒரு மூலையில் மேஜை. பின்னால் குக்கர் விசில். அக்கா எங்கேயோ மடிப்பாக்கத்தில் இருக்கிறார். புரியாத இடம் வந்தால் யாரைக் கேட்பது? இன்றைக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் நிறைய.

போன் கையில் இருக்கிறதே, அந்தத் துண்டை மட்டும் ரெக்கார்ட் செய்து குரூப்பில் போட்டால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. அந்தப் பேச்சில் நோயாளியின் பெயர் இருக்கலாம். அவருக்கு என்ன வியாதி என்பது அவருடைய சொந்த விஷயம். அமெரிக்காவில் இதற்கென்றே 1996-ல் சட்டம் போட்டு, 2003 ஏப்ரலிலிருந்து ரகசிய விதிகளை அமல் செய்தார்கள். அதே 2003 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரி ஒன்றின் குறிப்புகளைக் கை மாறிக் கை மாறி வாங்கி டைப் அடித்த பாகிஸ்தான் பெண் ஒருவர், பாக்கிப் பணம் வராவிட்டால் நோயாளிகளின் ரிக்கார்டை இன்டர்நெட்டில் போட்டு விடுவேன் என்று மிரட்டினார். பெரிய பரபரப்பு ஆனது. நடுவில் நின்ற தரகர்கள் பணத்தைக் கொடுக்காததுதான் ஆரம்பம் என்பதைப் பலரும் மறந்து விட்டார்கள்.

ஆனால் ஆளைச் சொல்லாமல் வார்த்தையை மட்டும் கேட்கலாமே? "முழங்கால் ஆபரேஷன். தசையை ஒதுக்கிப் பிடிக்கிற கருவி. 'ஹோ' என்று ஆரம்பிக்கிற மாதிரி கேட்கிறது" என்றால் போதும். அனுபவசாலி "ஹோமன்" என்று சொல்லி விடுவார். இதில் நோயாளியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கம்பெனிகள் தங்கள் சொந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே இதற்கு ஒரு இடம் ஒதுக்கி, ஷிப்டுக்கு ஒரு மூத்தவரை அதற்கென்றே உட்கார வைக்கலாம். அவருக்கு வரிக் கணக்கு வேண்டாம். மணிக் கணக்கில் கொடுக்கட்டும். இதைச் செய்யாமல், "வெளியே கேட்காதே" என்று மட்டும் சர்க்குலர் விடுவது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலும் வைக்காத கதை.

மெஷின் வெட்கப்படாது

"இனிமே இதெல்லாம் எதுக்கு? மெஷினே கேட்டு எழுதிடுதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். மெஷின் எழுதுகிறது. அதை மனிதர் திருத்துகிறார். திருத்துகிற வேலைக்கு வரி ரேட் இன்னும் குறைவு, ஏனென்றால் "பாதி வேலை முடிந்து விட்டது" என்று கணக்கு.

முடிந்ததா? 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆராய்ச்சி வந்தது. 217 குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். மெஷின் எழுதிய நகலில் 100 வார்த்தைக்கு 7-க்கு மேல் தவறு. டிரான்ஸ்கிரிப்ஷன் ஊழியர் கை பட்ட பிறகு அது 1000 வார்த்தைக்கு 4 என்று இறங்கியது. டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 3. அதாவது தவறுகளில் மிகப் பெரும் பகுதியைப் பிடித்தது டாக்டரும் அல்ல, மெஷினும் அல்ல. வரிக்கு இத்தனை காசு வாங்குகிற ஊழியர்.

மெஷினில் இன்னொரு சங்கடம். அது பக்கத்து சீட்டைக் கேட்காது. கோடு போடவும் வெட்கப்படவும் அதற்குத் தெரியாது. புரியாவிட்டாலும் ஏதோ ஒன்றை, இலக்கணச் சுத்தமாக, எழுதி வைக்கும். 'விஸ்பர்' என்ற பேச்செழுத்து மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024-ல் சொன்னது: 100 ஒலித் துண்டுக்கு ஏறக்குறைய ஒன்றில், யாருமே பேசாத வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருந்தது. பேசுகிறவர் நடுநடுவே நிறுத்தி யோசித்தால் இது அதிகமாம். நோயாளியும் டாக்டரும் நிறுத்தி யோசிக்காமல் பேசுவார்களா?

ஆகவே மெஷின் வந்த பிறகு "இது சரியாகப் படவில்லையே, நீங்கள் கேளுங்கள்" என்று சொல்கிற காதுக்கு மதிப்பு கூட வேண்டும். நடப்பதோ தலைகீழ். முன்பு சந்தேகம் வந்தால் தெரியும், ஏனென்றால் காதில் விழவில்லை. இப்போது எதிரே அச்சடித்த மாதிரி வாக்கியம் நிற்கிறது. களைத்துப் போன கண், ஷிப்டின் ஆறாவது மணி நேரத்தில், அதை நம்பி விட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இது ஏதோ அமெரிக்கக்காரன் தலைவலி என்று யாரும் நினைக்க வேண்டாம். போனில் பேசி மருந்து எழுதுகிற வழக்கம் இங்கேயும் வந்து கொண்டிருக்கிறது. தமிழும் இங்கிலீஷும் கலந்து, "பி.பி. கொஞ்சம் ஜாஸ்தி, அந்த மாத்திரையை அரையா குறைச்சிடுங்கோ" என்று நம்ம டாக்டர் சொல்வதை மெஷின் என்னவென்று எழுதுமோ!

டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனிகள் செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் அல்ல. கியூ.ஏ.க்கும் விளங்காத இடத்தில் போட்ட கோட்டுக்கு மார்க் குறைக்கக் கூடாது. உதவி செய்கிறவரின் நேரத்தைக் கூலியில் சேர்க்க வேண்டும். டாக்டர் நிரப்பி அனுப்பிய கோடு என்ன வார்த்தை என்பதை, கோடு போட்ட பெண்ணுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் இந்தக் கடைசி விஷயம் நடப்பதே இல்லை. அவள் அதே டாக்டரின் அதே வார்த்தைக்கு அடுத்த மாதமும் கோடு போடுவாள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விவரம் தெரிந்த சிலர் இப்போதே செய்கிறார்கள். "ஃபிஃப்டீன்" என்று சொல்லிவிட்டு, கூடவே "ஒன்-ஃபைவ்" என்று ஒரு தடவை சொல்வார்கள். அதற்கு ஆகிற நேரம் இரண்டு வினாடி.